உத்திரமேரூர் ஏரி வாரியமும் நம்ம லேக் வியூ ரோடும்

இந்த முறை பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். பாதியில் விட்டுப் போகிறவர்கள் கடைசி பெஞ்சுக்காரர்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

என் அக்கா மகள் ஒரு வாட்ஸ்அப் செய்தியை அனுப்பி, "மாமா, உலகத்திலேயே முதல் தேர்தல் உத்திரமேரூரில்தான் நடந்ததாமே, உண்மையா?" என்று கேட்டிருந்தாள். உலகத்திலேயே முதல் என்பதெல்லாம் வேண்டாம் கண்ணு என்று பதில் போட்டேன். கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே ஏதென்ஸ் நகரத்தில் 500 பேர் கொண்ட சபைக்குக் குலுக்கல் முறையில் ஆள் எடுத்தார்கள். நம்மிடத்திலும் குடத்தில் ஓலை போட்டு எடுக்கும் வழக்கம் சோழர்களுக்கு முந்தியது; அகநானூற்றின் 77ஆம் பாட்டிலேயே அந்தச் செய்தி ஓர் உவமையாக வருகிறது. உத்திரமேரூரின் பெருமை முதலில் செய்தது என்பதில் இல்லை. விதிமுறைகளை விலாவாரியாகக் கல்லில் வெட்டி வைத்தார்களே, அதில்தான் இருக்கிறது.

வகுப்பில் இதை உங்களுக்கு நடத்தியிருக்கிறேன். பாடப்புத்தகத்தில் பத்து வரி இருக்கும். ஐந்து மதிப்பெண் கேள்வி. புத்தகத்தில் இடமில்லாமல் விட்டுப்போன சில செய்திகளை இப்போது சொல்கிறேன். அதிலிருந்து நம் சென்னைக்கு வருவோம்.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன இந்தக் கல்வெட்டுகள். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில் ஒன்று, 14ஆம் ஆட்சியாண்டில் இன்னொன்று. அதாவது கி.பி. 919, 921. எனக்கு மிகவும் பிடித்தது இந்த இரண்டு வருட இடைவெளிதான். முதலில் ஒரு விதி போட்டார்கள். இரண்டு வருடம் நடத்திப் பார்த்தார்கள். ஓட்டை தெரிந்தது. திருத்தினார்கள். வயது வரம்பு முதலில் 30க்கு மேல் 60க்குள் என்று இருந்தது. திருத்தத்தில் 35க்கு மேல் 70க்குள் என்று ஆயிற்று. நம் அரசியல் சட்டத்துக்கும் 1950இல் நடைமுறைக்கு வந்து அடுத்த வருடமே முதல் திருத்தம் வந்துவிட்டது, ஞாபகம் இருக்கிறதா?

ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். குடும்பு என்றால் இன்றைய வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டுக் கட்டி, குடத்தில் இட்டார்கள். மகாசபை முழுவதும், சிறியவர் பெரியவர் எல்லோரும், கூடியிருக்க வேண்டும். கோயில் நம்பிமார்களில் மூத்தவர் எல்லோரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது என்ன என்று தெரியாத ஒரு சிறுவன் ஓலையை எடுத்துக் கொடுப்பான். மத்தியஸ்தன் அதை வாங்கும்போது ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கி உரக்க வாசிக்க வேண்டும். பிறகு அங்கே உள்ள நம்பிமார்கள் எல்லோரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலையை மறைத்து வைத்துக்கொண்டு மாற்றிவிடுவார்கள் என்ற சந்தேகம் அவர்களுக்கு இருந்திருக்கிறது! யாரோ ஒருவர் ஏற்கனவே செய்து பார்த்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். சும்மா இருந்தவனுக்கு ஐந்து விரல் விதி தோன்றாது.

இப்படி எடுத்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்து அனுபவப்பட்டவர்களைத்தான் சம்வத்சர வாரியத்துக்கு எடுத்தார்கள். ஏரிக்கரையில் வேலை பார்த்துவிட்டுத்தான் பெரிய நாற்காலிக்கு வரவேண்டும். பதவிக்காலம் 360 நாள். அதற்குப் பிறகு மூன்று வருடம் எந்த வாரியத்துக்கும் வரமுடியாது. நடுவில் குற்றம் செய்தது தெரிந்தால் அப்போதே நீக்கலாம். எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கக்கூடாது. அவருடைய பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், தாய்மாமன், மைத்துனன், மாமனார், மருமகன் என்று நீளமான பட்டியல், அவர்களும் நிற்கக்கூடாது. பினாமி என்ற சொல் அப்போது இல்லை. விஷயம் இருந்திருக்கிறது.

நிறையப் பேர் குடத்தோடும் ஓலையோடும் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அந்த ஆறு பேர்தான் முக்கியம். ஓர் ஊர் தன் ஏரியைப் பார்த்துக்கொள்ள மட்டும் ஆறு பேரை வருடாவருடம் எடுத்திருக்கிறது. ஊரின் பெரிய ஏரிக்கு வயிரமேக தடாகம் என்று பெயர். பல்லவர் காலத்திலேயே வெட்டியது. அதைத் தூர் வாருவதற்காகப் பொன் கொடுத்தவர்களின் கல்வெட்டுகளும் அதே ஊரில் இருக்கின்றன. பொன்னைச் சபையிடம் கொடுத்துவிடுவார்கள். முதல் அப்படியே இருக்க, வட்டியில் வருடாவருடம் தூர் வாரவேண்டும். இன்றைய பேச்சில் சொன்னால் ஃபிக்சட் டெபாசிட்.

கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஏரி எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நம் தொண்டை மண்டலத்தில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. வடகிழக்குப் பருவமழை இரண்டு மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும். அதைக் கரை போட்டு மடக்கினால்தான் மாசி பங்குனி வரை பயிர் நிற்கும். மழைநீர் வரத்துக்கால்வாய் வழியாக ஏரிக்கு வரும். மதகு வழியாக வயலுக்குப் போகும். மிஞ்சினது கலிங்கல் வழியாக வழிந்து கீழே உள்ள அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. ஒரு கண்ணி அறுந்தால் மேலே இருப்பவன் மூழ்குவான், கீழே இருப்பவன் காய்வான். பெரிய ஏரிக்கு ஆறு பேர் தேவைப்பட்டதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் பெருமையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் வரலாற்று ஆசிரியனில்லை. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். அந்த மகாசபை பிராமணர்களின் சபை. வாரியத்துக்கு வர வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் நன்றாகத் தெரிந்தால் அரைக்கால் வேலி போதும் என்று ஒரு சலுகை, அவ்வளவுதான். பெண்கள் கிடையாது. நிலமில்லாதவர் கிடையாது. அந்த ஏரித் தண்ணீரில் நாற்று நட்டவர்களுக்கு அந்த மண்டபத்தில் இடம் கிடையாது. அரசன் அனுப்பிய அதிகாரியும் சபையில் உட்கார்ந்திருந்தார் என்று கல்வெட்டே சொல்கிறது. இதை 'ஜனநாயகம்' என்று சொல்லலாமா என்று பத்தாம் வகுப்பில் ஒருவன் என்னைக் கேட்டான். பிராமணச் சபைக்குள் நடந்த நல்ல நிர்வாகம் என்று சொல் என்றேன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

குடிமராமத்தும் இப்படித்தான். ஊர் கூடித் தூர் வாரிய அழகான வழக்கம் என்று மேடையில் பேசுகிறோம். மண் சுமந்தது யார் தலை என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. வெள்ளைக்காரன் 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புக்கென்றே ஒரு சட்டம் போட்டு, கரை உடைந்தால் ஆட்களைக் கட்டாயமாக இழுத்து வரலாம் என்று வைத்தான். கிராமங்களைப் பற்றி அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவ்வளவு கடுமையாகப் பேசியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நகரத்துக்குப் போ என்று அவர் சொன்னதும் இதனால்தான்.

சரி, நகரத்துக்கு வருவோம்.

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. ஏரி தெரியும் சாலை. எந்த ஏரி? நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா என்று ஒரு குடியிருப்பு, டேங்க் பண்ட் ரோடு என்று ஒரு சாலை. எந்தக் கரை? முகப்பேரில் பஸ்ஸில் இறங்கினால் ஏரி ஸ்கீம். கண்டக்டர் கூவும்போது அது ஏதோ ஆங்கிலச் சொல் போலக் கேட்கும். வீட்டுவசதி வாரியம் ஏரியில் வீடு கட்டிவிட்டுப் பெயரையும் ஒளிவு மறைவில்லாமல் அப்படியே வைத்தது. (வேளச்சேரியையும் இந்தப் பட்டியலில் சேர்த்து எனக்கு எழுதாதீர்கள். அதில் வருவது சேரி.)

நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகத் தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஒரு நீண்ட ஏரி கிடந்தது. ஆங்கிலேயர் வரைபடங்களில் அதன் பெயரே லாங் டேங்க். 1923 வாக்கில் அதை வடித்து, 1920இல் வந்த நகரமைப்புச் சட்டத்தின்படி மனை பிரித்து, பூங்கா வைத்து, சாலை போட்டு உருவாக்கியதுதான் தியாகராய நகர். நீதிக்கட்சி ஆட்சிக்காலம். பிட்டி தியாகராயர், பனகல் அரசர், நடேச முதலியார் என்று அந்தக் கட்சியின் தலைவர்கள் பெயர்கள்தான் அந்தப் பேட்டை முழுவதும். இரட்டையாட்சியில் மக்கள் வாக்களித்து வந்த அரசு அது. சொத்து உள்ளவர்களுக்கு மட்டும்தான் வாக்கு, ஆனாலும் தேர்தலில் வந்த அரசு. ஏரியை மனையாக்கியது ஏதோ சர்வாதிகாரி இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மக்களாட்சி வந்தால் இயற்கை தானாகப் பிழைத்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் நான் உதாரணம் காட்டுவேன்.

ஏன் யாரும் தடுக்கவில்லை? என் கணிப்பில் பதில் குழாயில் இருக்கிறது. 1872இல் செங்குன்றம் ஏரியிலிருந்து கீழ்ப்பாக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 1914இல் கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டி நீரேற்றும் நிலையம் வந்தது. வீட்டுக்குள் குழாய் வந்த பிறகு வாசலில் கிடக்கும் ஏரி எதற்கு? மாம்பலத்தில் வயல்கள் குறைந்துகொண்டே வந்தன. மதகைத் திறக்கச் சொல்லிச் சண்டை போட ஆள் இல்லை. ஏரி நிரம்பியதா என்று ஐப்பசியில் போய்ப் பார்க்க ஆள் இல்லை. கொசுவைப் பற்றிப் புகார் செய்ய மட்டும் நிறையப் பேர். உத்திரமேரூர் ஏரி வாரியத்தில் இருந்த ஆறு பேருக்கும் கால் வேலி நிலமாவது அந்தத் தண்ணீரை நம்பி இருந்தது. தப்பு செய்தால் அவர்கள் பயிரே காயும். நகரத்தில் அந்தக் கயிறு அறுந்துவிட்டது. வோட்டுப் போடுகிறவனுக்கும் ஏரிக்கும் நடுவில் பல மைல் குழாய் வந்துவிட்டது.

இதற்கு அடுத்த அத்தியாயம் இன்னும் மோசம். சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கியது. நாட்டிலேயே பழையது என்று விழா எடுக்கிறோம். அந்த மாநகராட்சியின் மன்றம் 1973இல் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல்தான். 23 வருடம் சென்னைக்குக் கவுன்சிலரே இல்லை! உங்களில் பலர் பிறந்து, பள்ளி முடித்து, என்னிடம் திட்டு வாங்கி, கல்லூரிக்கே போய்விட்டீர்கள். அதுவரை உங்கள் தெருவுக்கு ஒரு பிரதிநிதி கிடையாது. சென்னை வேகமாகப் பரவிய காலம் அது. வள்ளுவர் கோட்டம் 1976இல் திறக்கப்பட்டபோது அது நின்ற இடம் நுங்கம்பாக்கம் ஏரி. வள்ளுவர் நீரைப் பற்றி, வானைப் பற்றி ஓர் அதிகாரமே பாடியவர் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. கவுன்சிலர்கள் இருந்திருந்தால் ஏரிகள் தப்பியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். தியாகராய நகர் கதையை இப்போதுதான் சொன்னேன். ஆனால் யாரிடம் போய்க் கேட்பது, யார் கணக்குக் காட்டுவது என்ற கேள்விக்கே 23 வருடம் ஆள் இல்லை. கோப்பில் அதிகாரி இருப்பார். மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போவார்.

2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்ததும் மறுபடி அதே கதை. 2022 பிப்ரவரி வரை தேர்தல் இல்லை. அந்த இடைவெளியில் வந்ததுதான் 2019 கோடை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஜூலை 12ஆம் தேதி முதல் ரயில்: 50 வேகன், 25 லட்சம் லிட்டர். மாலை போட்டு வரவேற்கிறோமே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அதற்கு நான்கே வருடம் முன்பு, 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு, செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டு அடையாற்றங்கரை முழுக்க மூழ்கியது. அப்போது மன்றம் இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 2021 நவம்பரில் தியாகராய நகர்த் தெருக்களில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. பழைய ஏரிப் படுகையில் மழை பெய்தால் தண்ணீர் வேறு எங்கே நிற்கும்?

ஒரு வேடிக்கை சொல்கிறேன். 2004 முதல் சென்னைக்கு வீராணம் தண்ணீர் சுமார் 230 கிலோமீட்டர் குழாயில் வருகிறது. பொன்னியின் செல்வன் தொடங்குவது அந்த ஏரிக்கரையில்தான், படித்தவர்களுக்குத் தெரியும். வீரநாராயணன் என்பது பராந்தகனின் பட்டப்பெயர். அவன் மகன் இராஜாதித்தன் தந்தை பெயரில் வெட்டியது அந்த ஏரி. அதாவது உத்திரமேரூர்க் கல்வெட்டு எந்த அரசன் காலத்ததோ, அதே அரசன் பெயர் தாங்கிய ஏரி. தன் வாசலில் இருந்த ஏரிகளை மனை போட்ட நகரம், பராந்தகன் காலத்து ஏரியில் ஆயிரத்துச் சொச்சம் வருடம் கழித்துக் குழாய் வைத்துக் குடிக்கிறது.

இனி இன்றைக்கு வருகிறேன். 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. கிராமத்துக்குக் கிராம சபை போல நகரத்துக்கு ஒன்று தமிழ்நாட்டில் கண்ணில் பட 2022 ஆயிற்று. அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, முதல்முறையாகப் பகுதி சபைகள் கூடின. உங்கள் வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதியில் வாக்குரிமை உள்ள யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். நிலம் வேண்டாம். வேதம் வேண்டாம். ஆண் பெண் பேதம் இல்லை. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. 2022இல் சென்னை மேயராக வந்த பிரியா, அந்தப் பதவிக்கு வந்த முதல் பட்டியலினப் பெண். 921இல் குடத்துக்குப் பக்கத்தில்கூட நிற்க விடாத ஒருவரின் வாரிசுகள் இன்று சபையை நடத்தலாம். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

எங்கள் பகுதிக் கூட்டத்துக்கு நான் போயிருந்தேன். பந்தல், நாற்காலி, டீ எல்லாம் இருந்தது. நாற்பது நாற்காலியில் பதினான்கு பேர். அதில் ஐந்தாறு பேர் அலுவலர்கள். தெருவிளக்கு, குப்பை வண்டி, நாய்த்தொல்லை என்று பேச்சு ஓடியது. எல்லாம் நியாயமான குறைகள்தான். என் முறை வந்தபோது, புதிதாகப் போட்ட மழைநீர் வடிகால் எங்கே போய் முடிகிறது, பக்கத்தில் மிச்சமிருக்கும் குளத்துக்கு அதில் இணைப்பு உண்டா, தூர் வாரிய செலவுக் கணக்கு எங்கே பார்க்கலாம் என்று மூன்று கேள்வி கேட்டேன். ஓர் இளம் பொறியாளர் முதல் கேள்விக்கு நன்றாகவே படம் காட்டிப் பதில் சொன்னார். இரண்டாவதற்கு, இணைப்பு இல்லை என்றார். மூன்றாவதற்கு, அடுத்த கூட்டத்தில் சொல்கிறோம் என்று எழுதிக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்டேன். மறுபடி எழுதிக்கொண்டார்கள். எதிர்வீட்டு அம்மா, அறுபத்தைந்து வயது, வீட்டுவேலை செய்பவர், எழுந்து, "சார் கேட்டதை நானும் கேக்குறேன், போன மழையில எங்க சந்துல இடுப்பளவு தண்ணி" என்றார். அதன் பிறகுதான் குளத்துக்கு இணைப்பு வேண்டும் என்பது தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. கேள்வி எழுப்பியது நான்தான், ஆனால் இடுப்பளவு தண்ணீரில் நின்றவர் அவர். அவர் சொன்னதற்கு இருந்த எடை என் மூன்று கேள்விக்கும் இல்லை.

உங்களில் சென்னையில் மட்டும் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று நம் பழைய மாணவர் குழுவில் எண்ணிப் பார்த்தேன், நாற்பதுக்கு மேல். பெங்களூரு, கோவை போனவர்கள் தனி. உங்கள் வார்டு எண் என்ன, கவுன்சிலர் பெயர் என்ன என்று கீழே எழுதுங்கள் பார்ப்போம். அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு இரவெல்லாம் கண்விழித்தவர்களுக்கு இது கஷ்டமான கேள்வியாக இருக்காது. உங்கள் தெரு மழைநீர் எந்த ஏரிக்கு, எந்தக் கால்வாய்க்குப் போகிறது என்று தெரிந்தவர்கள் அதையும் எழுதுங்கள். தெரியாதவர்கள் வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். எந்தப் பள்ளம் முன்பு குளமாக இருந்தது என்று அவர்களுக்குத் தெரியும்.

தை முதல் ஞாயிறு உத்திரமேரூர் போவதாக இருக்கிறேன். காஞ்சிபுரம், செங்கல்பட்டு இரண்டு ஊரிலிருந்தும் பஸ் உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயில் சிறியது. தொல்லியல் துறை பராமரிப்பில் இருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் போனால் எழுத்துகள் நன்றாகத் தெரியும். தமிழ்க் கல்வெட்டு என்றாலும் அந்த எழுத்தை நிதானமாகத்தான் படிக்க முடியும்; நான் விரல் வைத்துக் காட்டுகிறேன். பிறகு பக்கத்திலேயே சுந்தரவரதர் கோயில். அதன் பிறகு ஏரிக்கரை. ஆமாம், அந்த ஏரி இன்னும் இருக்கிறது. நல்ல மழை பெய்த வருடம் என்றால் தையிலும் தண்ணீர் இருக்கும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் முன்கூட்டிச் சொல்லுங்கள், வேன் பேச வேண்டும். கட்டுச்சோறு நான் கொண்டுவருகிறேன். தண்ணீர் அவரவர் கொண்டுவாருங்கள்.